இரண்டு முட்டை விலையில் ஒரு நாள்

காக்ஸ் பஜார் முகாம்களில் நிவாரணத் தொகை குறையும்போதெல்லாம் வேலிக்கு உள்ளே இருப்பவரோடு வெளியே இருப்பவரும் சேர்ந்து இளைக்கிறார்

மூங்கில் தட்டியும் தார்ப்பாயுமாக மலைச்சரிவெங்கும் அடுக்கடுக்காக ஏறிச் செல்கிற குடிசைகளுக்கு நடுவில், சற்றே விசாலமாகவும் வெளிச்சமாகவும் தென்படுகிற கட்டடம் ஒன்றுதான் அந்தச் சரிவு முழுமைக்கும் பலசரக்குக் கடை. மழை பெய்து ஓய்ந்த காலை நேரம். செம்மண் சேறு கணுக்காலுக்கு மேல் அப்பியிருக்க, இடுப்பில் குழந்தையும் கக்கத்தில் மடித்த சாக்குமாகப் பெண்கள் வரிசையில் நிற்கிறார்கள். முக்காட்டு நுனியில் அவர்கள் பத்திரமாக முடிந்து வைத்திருப்பது ஓர் அட்டை. காசுக்கு இங்கே இடமில்லை. உள்ளே போய் அட்டையைக் காட்டி, விரலை ரேகைக் கருவியில் பதித்தால், குடும்பத்தில் எத்தனை தலை, இந்த மாதம் எவ்வளவு மிச்சம் என்று திரையில் தெரிகிறது. முதலில் அரிசி, அதில் யோசனைக்கு இடமில்லை. பிறகு மசூர்ப் பருப்பு, எண்ணெய், உப்பு, மிளகாய், மஞ்சள். கருவாட்டுப் பக்கம் போய்ச் சற்று நின்ற ஒருத்தி, எடுத்ததைத் திரும்ப வைத்துவிட்டு, முட்டைகளை எண்ணி எடுக்கிறாள். கடைக்காரர் திரையைப் பார்த்துத் தலையை அசைக்கிறார். இரண்டு முட்டை மறுபடியும் தட்டுக்குப் போகிறது.

2023 ஜூன் மாதத்தில், வங்கதேசத்தின் தென்கிழக்கு மூலையில் உள்ள காக்ஸ் பஜார் மாவட்டத்து ரோஹிங்கியா முகாம்களில் எந்தக் கடையிலும் நடந்திருக்கக் கூடிய காட்சி இது. அதுவரை ஆளுக்கு மாதம் 12 டாலராக இருந்த உணவுத் தொகையை, கொடையாளி நாடுகளின் பணம் வந்து சேராத காரணத்தால், உலக உணவுத் திட்டம் அந்த வருஷம் மார்ச்சில் 10 டாலராகவும் ஜூனில் 8 டாலராகவும் குறைத்தது. எட்டு டாலர் என்பது அப்போது 840 டக்கா. நாளொன்றுக்கு 28 டக்கா. ஒரு முட்டை ஏறத்தாழ 12 டக்கா விற்ற காலம் அது. இரண்டு முட்டை வாங்கினால் அன்றைய நாளின் பெரும்பகுதி தீர்ந்தது. மிச்சமுள்ள நான்கு டக்காவில் அரிசியும் பருப்பும் எண்ணெயும் வாங்கிக்கொள்ள வேண்டும்.

அதே கடையின் மற்றொரு மூலையில் கத்தரிக்காயும் பூசணியும் கீரைக்கட்டும் குவிந்திருக்கும். அவற்றில் கணிசமான பங்கு வேலிக்கு வெளியே, உகியா, டெக்னாஃப் என்ற இரு வட்டங்களின் கிராமங்களில், வீட்டுக் கொல்லையில் பாத்தி கட்டி உள்ளூர்ப் பெண்கள் பயிரிட்டவை. விதையும் பயிற்சியும் கொடுத்து, விளைந்ததை ஓரிடத்தில் திரட்டி, முகாம் கடைகளுக்கு விற்கச் செய்யும் ஏற்பாட்டை நிவாரண ஸ்தாபனங்களே செய்து கொடுத்தன. ஆகவே முகாமில் ஒருத்தி வாங்காமல் விட்டுப் போகும் கத்தரிக்காய், அடுத்த கிராமத்தில் இன்னொருத்தியின் கூடையில் வாடுகிறது. அகதிக்கு இவ்வளவு, உள்ளூர்வாசிக்கு இவ்வளவு என்று ஜெனீவாவிலும் டாக்காவிலும் இரண்டு பேரேடுகளில் கணக்கு எழுதுகிறார்கள். உகியாவின் செம்மண்ணிலோ வரவும் செலவும் ஒரே பேரேட்டில்தான் விழுகின்றன.

வந்த வழி

மியான்மரின் ராக்கைன் மாகாணத்தில் 2017 ஆகஸ்ட் 25 அன்று ஆயுதக் குழுவொன்று காவல் சாவடிகளைத் தாக்கியதைக் காரணமாகக் காட்டி, அந்நாட்டு ராணுவம் ரோஹிங்கியா கிராமங்களின் மேல் பாய்ந்தது. வீடுகள் எரிந்தன, ஆண்கள் கொல்லப்பட்டார்கள், பெண்கள் மானபங்கப்படுத்தப்பட்டார்கள். நாஃப் நதியைக் கடந்தும், கடலோரமாகப் படகேறியும் சில மாதங்களுக்குள் ஏழு லட்சத்துக்கும் அதிகமான ஜனங்கள் வங்கதேசத்துக்குள் வந்து சேர்ந்தார்கள். இது முதல் ஓட்டமும் அன்று. 1978-ல் சுமார் இரண்டு லட்சம் பேர், 1991-92-ல் இரண்டரை லட்சம் பேர் இதே நதியைக் கடந்து வந்து, பெரும்பாலோர் திருப்பியனுப்பப்பட்டவர்கள். இடையில் 1982-ல் வந்த பிரஜா உரிமைச் சட்டம், பர்மாவின் அங்கீகரிக்கப்பட்ட இனங்களின் பட்டியலில் ரோஹிங்கியாக்களைச் சேர்க்காமல், பிறந்த மண்ணிலேயே அவர்களை அந்நியராக்கிவிட்டது.

பர்மாவில் ஒரு நாள் காலையில் அந்நியராகிவிடுவது எப்படி என்பதைத் தமிழ் வாசகருக்கு விஸ்தாரமாக எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 1942-ல் ஜப்பானியப் படைக்கு முன்னால் கால்நடையாகப் புறப்பட்டவர்களும், 1960-களில் கடைகளும் நிலங்களும் தேசியமயமான பின் கப்பலேறி வந்தவர்களும் நம் ஊர்களில்தான் வந்து இறங்கினார்கள். சென்னையில் பர்மா பஜார் என்ற பெயரும், பல ஊர்களில் பர்மா காலனி என்ற பெயரும் அவர்கள் விட்டுச் சென்ற சுவடுகள். அவர்களுக்காவது இறங்குவதற்கு ஒரு தாய்நாடு இருந்தது.

■ பெட்டிச் செய்தி: முகாம்கள், எண்களில்

• காக்ஸ் பஜார் மாவட்டத்தில் உள்ள முகாம்கள்: 33. இவற்றில் பெரியது குட்டுபாலாங்–பாலுகாலி கூட்டு முகாம்.
• அகதிகள்: 11 லட்சத்துக்கு மேல். பாதிக்கும் அதிகமானோர் 18 வயதுக்குட்பட்டவர்கள்.
• முகாம்களின் மொத்தப் பரப்பு: ஏறத்தாழ 24 சதுர கிலோமீட்டர்.
• உகியா, டெக்னாஃப் வட்டங்களின் உள்ளூர் ஜனத்தொகை (2011 கணக்கெடுப்பு): ஏறத்தாழ 4.7 லட்சம்.
• 2024 தொடக்கம் முதல் 2025 நடுப்பகுதி வரை புதிதாக வந்தவர்கள்: சுமார் 1.5 லட்சம். ராக்கைனில் ராணுவத்துக்கும் அரக்கான் படை என்ற ஆயுதக் குழுவுக்கும் நடக்கும் யுத்தமே காரணம்.
• 2025-26 கூட்டு நிவாரணத் திட்டத்தின் முதல் வருஷத் தேவை: 93.45 கோடி டாலர். பயனாளிகள் 14.8 லட்சம் பேர், உள்ளூர் ஜனங்களையும் சேர்த்து.

விருந்தினர் பெருகிய வீடு

முதல் வாரங்களில் உலகத்து ஸ்தாபனங்கள் வந்து கூடாரம் அடிப்பதற்கு முன்னால், உகியாவின் சாலையோரங்களில் சோறு பொங்கிப் போட்டவர்கள் அந்த ஊர்க்காரர்கள் என்பதை இப்போது பேசுவோர் குறைவு. பள்ளித் தாழ்வாரங்களைத் திறந்து விட்டார்கள். வீட்டு முற்றத்தில் தார்ப்பாய் கட்ட இடம் கொடுத்தார்கள். ரோஹிங்கியாக்கள் பேசும் மொழி சிட்டகாங் பக்கத்துப் பேச்சுக்கு மிகவும் நெருங்கியதாகையால், அழுது சொன்னது இன்னதென்று புரிந்துகொள்வதற்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை. டாக்காவிலிருந்து வந்த அதிகாரிகளுக்குத்தான் தேவைப்பட்டது. மதம் ஒன்று, நதிக்கு இருகரையிலும் பெண் கொடுத்துப் பெண் எடுத்த பழைய உறவுகளும் உண்டு.

அந்தத் தயை இன்றும் முற்றிலும் வற்றிப் போய்விடவில்லை. ஆனால் வந்தவர்களின் எண்ணிக்கை இருந்தவர்களைப் போல் இரண்டு மடங்கு ஆகிவிட்ட பிறகு, தயைக்கும் கணக்கு வந்துவிடுவது மனித சுபாவம். நிவாரண அரிசியில் மிஞ்சியதை அகதிகள் வெளியே விற்றபோது அரிசி விலை இறங்கி, நெல் விதைத்த விவசாயி முகம் சுளித்தார். மீனுக்கும் காய்கறிக்கும் திடீரென்று லட்சக்கணக்கான வாய்கள் சேர்ந்ததால் விலை ஏறி, கூலிக்காரர் முகம் சுளித்தார். காக்ஸ் பஜார் நகரத்தில் வீட்டு வாடகை தொண்டு நிறுவனத்துச் சம்பளத்துக்குத் தக்கபடி உயர்ந்தது. டெக்னாஃப் சாலையில் நாள் முழுவதும் நிவாரண வண்டிகள். சந்தைக்கு வெற்றிலைக் கட்டு ஏற்றிக்கொண்டு போகிறவர் ஒதுங்கி நின்று புழுதியை வாங்கிக்கொண்டார். படித்த இளைஞர்களும் பள்ளி ஆசிரியர்கள் சிலரும் அதிகச் சம்பளத்தை நாடி நிவாரண ஸ்தாபனங்களில் சேர்ந்ததால், கிராமத்துப் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் வகுப்புகள் காலியாயின.

இவற்றுக்கெல்லாம் மேலாக நாஃப் நதி. போதை மாத்திரைக் கடத்தலையும் எல்லை தாண்டுதலையும் தடுப்பதற்கென்று 2017-ல் அந்த நதியில் மீன்பிடிப்பதற்கே சர்க்கார் தடை விதித்தது. தடை பல வருஷங்கள் நீடித்தது. கரையில் படகைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்த டெக்னாஃப் மீனவர், ஆயிரமாயிரம் மைலுக்கு அப்பால் நடந்த எந்த மாநாட்டுக்கும் அழைக்கப்பட்டவர் அல்லர். அகதிக்குத் தலைக்கு இத்தனை டாலர் என்று வானொலியில் கேட்கும்போது அவர் மனத்தில் எழுந்திருக்கக் கூடிய எண்ணத்தைப் பொறாமை என்று எளிதில் பெயரிட்டு ஒதுக்கிவிட நமக்குத் தைரியம் இல்லை.

காட்டுக்கு வந்த கேடு, காட்டுக்குக் கிடைத்த பிழைப்பு

ஏழு லட்சம் பேர் ஒரே பருவத்தில் வந்து குடியேறினால், அடுப்பெரிக்க எங்கே போவார்கள்? 2018 வாக்கில் முகாம்களில் நாளொன்றுக்குச் சுமார் 700 டன் விறகு எரிந்தது என்று மதிப்பிட்டார்கள். ஆயிரக்கணக்கான ஏக்கர் ஒதுக்குக் காடு குடிசைகளாலும் விறகு வெட்டாலும் அழிந்தது; மரம் போன பிறகு வேரையும் தோண்டினார்கள்; வேரும் போன மலை மழைக்காலத்தில் குடிசைகளின் மேல் சரிந்தது. விறகுக்காகப் பெண்களும் சிறுவர்களும் நாளுக்கு நாள் தொலைவாகப் போக வேண்டியிருந்தது. போன இடத்தில் அதே காட்டை நம்பியிருந்த உள்ளூர் ஏழைகளோடு வாய்ச்சண்டையும் கைச்சண்டையும் மூண்டன.

அது யானைகளின் காடும்கூட. மியான்மருக்கும் வங்கதேசத்துக்கும் இடையே காலங்காலமாக அவை நடந்து பழகிய வழித்தடத்தின் குறுக்கே குட்டுபாலாங் முகாம் எழுந்தது. முதல் சில மாதங்களில் இரவு நேரத்தில் வந்த யானைகள் குடிசைகளை மிதித்து ஒரு டஜனுக்கும் மேற்பட்ட அகதிகளைக் கொன்றன. ஐ.நா. அகதிகள் ஆணையமும் சர்வதேச இயற்கைப் பாதுகாப்புச் சங்கமும் சேர்ந்து, முகாமின் விளிம்பில் மூங்கில் காவல் கோபுரங்களை எழுப்பி, அகதிகளையே கொண்டு யானைக் காவல் குழுக்களை அமைத்தன. கோபுரத்தில் இரவெல்லாம் விழித்திருந்து, யானை தென்பட்டதும் விளக்கைக் காட்டி, ஓசை எழுப்பி, ஜனக்கூட்டம் திரண்டு அதைச் சீண்டிவிடாமல் தடுத்து, மெல்லக் காட்டுக்குத் திருப்பியனுப்புவது அவர்கள் வேலை. அதன் பிறகு முகாமில் மரணங்கள் ஏறக்குறைய நின்றன. உபகாரம் பெறுபவன் என்று முத்திரை குத்தப்பட்ட ஒருவனிடம் ஒரு பொறுப்பை ஒப்படைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிடப் பிரத்தியட்சமான சாட்சி எமக்குக் கிடைக்கவில்லை.

விறகுப் பிரச்சினைக்குப் பரிகாரமாக 2018 ஆகஸ்டிலிருந்து வீட்டுக்கு வீடு சமையல் எரிவாயு அடுப்பும் சிலிண்டரும் வழங்கத் தொடங்கினார்கள். அந்த ஏற்பாட்டின் புத்திசாலித்தனம் அடுப்பில் இல்லை. அருகிலிருந்த உள்ளூர்க் குடும்பங்களையும் அதில் சேர்த்ததில் இருக்கிறது. ஒரு பக்கம் எரிவாயுவும் மறுபக்கம் விறகுமாக இருந்திருந்தால் காடும் தப்பியிராது, பகையும் தணிந்திராது. வெட்டுவது நின்ற சரிவுகளில் வெட்டிவேரும் நாட்டு மரக்கன்றுகளும் நட்டார்கள். மொட்டைச் செம்மண்ணாக இருந்த முகாம்களின் மேல் சில வருஷங்களில் பச்சை படர்ந்ததை விண்ணிலிருந்து எடுத்த படங்களே காட்டின. ஆனால் சிலிண்டரை மாதந்தோறும் நிரப்புவதற்கும் பணம் வேண்டும்; அந்தப் பணமும் அதே கொடையாளிகளின் கையில்தான் இருக்கிறது. நிரப்புவது நிற்கும் மாதத்தில் மறுபடியும் அரிவாள் காட்டுக்குள் போகும்.

தண்ணீர்க் கதை இவ்வளவு நன்றாக முடியவில்லை. உகியா பக்கம் ஆழ்குழாய்க் கிணறுகள் கைகொடுத்தாலும், டெக்னாஃப் நிலத்தடியில் நல்ல ஊற்றில்லை. கோடையில் நீர்த்தேக்கம் வற்றினால் வண்டியில் தண்ணீர் வர வேண்டும். முகாமைச் சுற்றிய கிராமங்களில் ஆழமில்லாத குழாய்க் கிணறுகள் வறண்டு போவதை ஊர்க்காரர்கள் ஒவ்வொரு பங்குனி சித்திரையிலும் முறையிடுகிறார்கள்.

■ பெட்டிச் செய்தி: ஆளுக்கு மாத உணவுத் தொகை

• 2023 தொடக்கம்: 12 டாலர்
• 2023 மார்ச்: 10 டாலர்
• 2023 ஜூன்: 8 டாலர்
• 2024 ஜனவரி: 10 டாலர்
• 2024 பிற்பாதி: 12.50 டாலர்
• 2025 மார்ச் தொடக்கத்தில் அறிவித்தது: 6 டாலர். ஐ.நா. பொதுச் செயலாளர் குட்டெரஸ் மார்ச் 14 அன்று முகாமுக்கு வந்து நோன்பு திறந்து சென்ற பின், மாத இறுதியில் திருத்தியது: 12 டாலர், அகதிகள் சிலர் குடியேற்றப்பட்ட பாசன் சார் தீவில் 13 டாலர்.

வெட்டு எங்கே விழுகிறது

தொகை 8 டாலரில் நின்ற மாதங்களின் விளைவைக் குழந்தைகளின் புஜத்தைச் சுற்றி அளக்கும் நாடாவே சொல்லிவிட்டது. 2023 இறுதியில் எடுத்த கணக்கில், முகாம்களில் கடும் ஊட்டக்குறைவுள்ள குழந்தைகளின் விகிதம் 15.1 சதவீதம், அவசர நிலை என்று உலகம் ஒப்புக்கொண்ட எல்லை 15. தொகையைக் கூட்டிய பிறகும் 2025 பிப்ரவரியில், மிகத் தீவிர ஊட்டக்குறைவுக்குச் சிகிச்சை பெற வந்த குழந்தைகள் முந்தைய வருஷத்து பிப்ரவரியைவிட 27 சதவீதம் அதிகம் என்று யுனிசெஃப் தெரிவித்தது. அந்த நிலையில்தான், அமெரிக்கா தன் அயல்நாட்டு உதவியை நிறுத்திவைத்த சூழலில், 6 டாலர் என்ற அறிவிப்பு வந்தது. கடைசி நேரத்தில் பணம் கிடைத்து அது வாபஸாயிற்று. ஆனால் மூன்று வாரங்கள் ஒவ்வொரு குடிசையிலும் எதை விற்பது, யாரிடம் கடன் கேட்பது, எந்தப் பெண்ணுக்குச் சீக்கிரம் கல்யாணம் முடிப்பது என்று யோசனை நடந்திருக்கும். உண்மையான வெட்டுக்கும் உதட்டளவில் வந்து போன வெட்டுக்கும் உள்ள வித்தியாசம் பட்ஜெட் எழுதுவோருக்குத் தெரியும் அளவுக்கு அங்கே தெரிவதில்லை.

பள்ளிக்கூடங்களின் மேல் விழுந்த வெட்டு வாபஸாகவில்லை. முகாம்களில் மூங்கில் கட்டடங்களில் நடக்கும் கற்றல் நிலையங்களில் பொதுவாக இரண்டு ஆசிரியர்கள் இருந்தார்கள்: பர்மிய மொழி சொல்லிக் கொடுக்க ஒரு ரோஹிங்கியா, ஆங்கிலம் சொல்லிக் கொடுக்க உகியா அல்லது டெக்னாஃப்பைச் சேர்ந்த ஓர் உள்ளூர் இளைஞர் அல்லது யுவதி. நிவாரணத்தின் பலன் உள்ளூருக்கும் போக வேண்டும் என்ற கொள்கைக்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை. 2025 ஜூனில் பணமின்றி நிலையங்கள் மூடப்பட்டபோது சுமார் 2.3 லட்சம் குழந்தைகளின் படிப்பு பாதிக்கப்பட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட உள்ளூர் ஆசிரியர்களின் ஒப்பந்தம் முடிந்தது. செலவு குறைவு என்பதால் ரோஹிங்கியா ஆசிரியர்களை வைத்துக்கொண்டு எங்களை மட்டும் அனுப்பினார்கள் என்று அவர்கள் குமுறினார்கள். உகியாவில் சாலையை மறித்தார்கள். நிவாரண வண்டிகள் வரிசையாக நின்றன. ஒரே வகுப்பறையில், ஒரே கரும்பலகைக்கு முன் நின்ற இருவரை எதிரெதிராக நிறுத்த ஒரு நிதியாண்டுக் கணக்கு போதுமானதாயிற்று.

ஆஸ்பத்திரிகளின் நிலையும் வேறில்லை. உகியா, டெக்னாஃப் அரசு ஆஸ்பத்திரிகளுக்குக் கருவிகளும் டாக்டர்களும் வந்தது நிவாரணப் பணத்தில். முகாமையொட்டிய இலவச ஆஸ்பத்திரிகளில் உள்ளூர்க் கர்ப்பிணிகளும் வரிசையில் நிற்கிறார்கள். முகாமுக்கு என்று வந்த டாக்டர் போனால் ஊருக்கும் டாக்டர் இல்லை. உலக வங்கி 2024 மே மாதத்தில் அகதிகளுக்கும் உள்ளூர் ஜனங்களுக்குமாக 70 கோடி டாலரை அனுமதித்தது. அதில் ஒரு பகுதி கடன். அகதிகளுக்கு இடம் கொடுத்ததற்காக ஓர் ஏழை நாடு வட்டியோடு திருப்பிச் செலுத்தக் கடமைப்பட்டிருக்கும் விபரீதத்தை நாம் சாதாரணமாக வாசித்துவிட்டுப் போகிறோம்.

முள்வேலிக்குள் ஜீவனம்

இனி இந்தக் கட்டுரையின் மையமான விஷயத்துக்கு வருகிறோம். வங்கதேசம் 1951-ம் வருஷத்து அகதிகள் உடன்படிக்கையில் கையொப்பமிடாத நாடு. வந்தவர்களில் பெரும்பாலோரை அகதிகள் என்று அது அழைப்பதில்லை. பலவந்தமாக இடம்பெயர்ந்த மியான்மர் பிரஜைகள் என்பதே அதன் உத்தியோக பாஷை. அவர்கள் வேலை செய்யக் கூடாது. அனுமதியின்றி முகாமை விட்டு வெளியேறக் கூடாது. செங்கல்லும் சிமெண்டும் கொண்டு வீடு கட்டக் கூடாது. மூங்கிலைப் பூச்சி அரித்துவிடுவதால் கம்பம் மாற்றும் வேலை ஓய்வதே இல்லை. 2019-ல் தொடங்கி முகாம்களைச் சுற்றி முள்வேலி எழுந்தது. 2021 மார்ச் 22 அன்று மூண்ட பெருந்தீயில் குறைந்தது 15 பேர் இறந்து, சுமார் 45,000 பேர் வீடிழந்தபோது, ஓடித் தப்ப வேலி இடையூறாக நின்றதென்று பிழைத்தவர்கள் சொன்னார்கள். அதே வருஷக் கடைசியில், முகாமுக்குள் அகதிகள் தாங்களாக நடத்தி வந்த டீக்கடை, தையற்கடை, மளிகைக் கடைகளென்று ஆயிரக்கணக்கானவற்றை அதிகாரிகள் இடித்துத் தள்ளினார்கள். நாடு திரும்பும் உரிமைக்காகக் குரல் கொடுத்த முஹிபுல்லா முகாமிலேயே சுட்டுக் கொல்லப்பட்டதும் 2021 செப்டம்பரில்தான்.

சர்க்காரின் பயத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. வேலையும் வீடும் கிடைத்துவிட்டால் திரும்பிப் போகமாட்டார்கள்; மியான்மரும் உலகமும் நிம்மதியாகக் கைகழுவிவிடும்; தன் பிள்ளைகளுக்கே வேலை போதாத நாடு இன்னும் பதினொரு லட்சம் பேரைச் சுமக்க நேரும் என்பதே அந்தப் பயம். கதவை அடைத்துக்கொண்ட செல்வந்த நாடுகள் வங்கதேசத்துக்கு உபதேசம் செய்வது நமக்கே கூச்சமாக இருக்கிறது. ஆனால் பயத்துக்கு மருந்தாகக் கண்ட வழி, தடுக்க நினைத்ததையே வளர்த்துவிட்டது என்பதை மறைக்க முடியாது. திரும்பிப் போக வழியில்லாமல் இருப்பதற்குக் காரணம் ராக்கைன். அங்கே 2024 டிசம்பர் முதல் எல்லை முழுவதும் அரக்கான் படையின் வசம். முகாமில் கடையை இடித்ததால் ராக்கைனின் மவுங்டாவுக்குப் பாதை திறந்துவிடவில்லை.

பாசன் சார் என்ற வங்காள விரிகுடாத் தீவு இதற்கு வேறொரு சாட்சி. ஒரு லட்சம் பேருக்கென்று வரிசை வரிசையாகக் கட்டடங்களும் புயல் தங்குமிடங்களும் கட்டி, 2020 டிசம்பரில் முதல் கப்பலை அனுப்பினார்கள். போனவர்கள் முப்பது, நாற்பதாயிரத்துக்குள் நின்றுவிட்டார்கள். அவர்களிலும் பலர் படகேறித் தப்பியோடினார்கள். இன்னொரு பக்கம் மலேசியா, இந்தோனேசியா என்று கடலில் புறப்படுகிறவர்கள்: 2023-ல் மட்டும் 569 பேர் மூழ்கியோ காணாமலோ போனார்கள், 2025 மே மாதத்தில் இரண்டு படகுகளில் 427 பேர் மாண்டிருக்கக் கூடும் என்று ஐ.நா. அஞ்சியது. இரண்டு முட்டை விலையில் நாளை ஓட்டுகிறவனுக்குக் கடல் அபாயகரமானது என்று நோட்டீஸ் ஒட்டிப் பயனில்லை.

நம் பக்கத்தில், சென்னைக்கு அடுத்த கேளம்பாக்கத்தில், புயல் பாதுகாப்புக் கட்டடமொன்றில் ரோஹிங்கியாக் குடும்பங்கள் சில பல வருஷங்களாக வசிக்கின்றன. பழைய பொருட்களைச் சேகரித்து விற்று ஜீவனம் செய்கிறார்கள். குழந்தைகள் அருகிலுள்ள அரசுப் பள்ளிக்குப் போகிறார்கள். வறுமைக்குக் குறைவில்லாத வாழ்வுதான். ஆனாலும் அந்தக் குழந்தைகள் தமிழ் எழுதப் படிக்கக் கற்று, அப்பா காலையில் எங்கே போகிறார் என்பதற்குப் பதில் தெரிந்து வளர்கிறார்கள்.

கூலி அட்டவணை

வேலை செய்யக் கூடாது என்று சட்டம் இருப்பதால் காக்ஸ் பஜாரில் ரோஹிங்கியாக்கள் வேலை செய்யாமல் இருக்கிறார்களா? வயலிலும் கட்டட வேலையிலும் உப்பளத்திலும் மீன்பிடிப் படகிலும் கருவாட்டுக் கிட்டங்கியிலும் அவர்கள் வேலை செய்கிறார்கள் என்பது அந்த மாவட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். திருட்டுத்தனமாக வருகிறவன் கூலி போதாதென்று சண்டை போட முடியாது. கொடுக்காமல் விரட்டினால் போலீஸுக்குப் போக முடியாது. ஆகையால் அவனுக்குக் குறைந்த கூலி. அவனைக் காட்டியே உள்ளூர்க்காரனுக்கும் கூலிக் குறைப்பு. தடையால் லாபம் அடைகிறவர் தரகரும் முதலாளியும். நஷ்டம் இரண்டு கூலிக்காரர்களுக்கும். உள்ளூர்த் தொழிலாளியைக் காப்பாற்றவே தடை என்று சொல்கிறவர்கள், உகியாவில் தடை வந்த பிறகும் கூலி ஏன் இறங்கிற்று என்று ஒரு தடவையாவது விசாரித்துப் பார்க்கலாம்.

முகாமுக்குள்ளேயே ஒரு மாற்று முறை சத்தமில்லாமல் நடந்து வருகிறது. வாய்க்கால் வெட்டுவது, படிக்கட்டு கட்டுவது, மரம் நடுவது, யானைக் காவல், சுகாதாரத் தகவல் சொல்வது முதலான காரியங்களுக்கு அகதிகளை ‘தொண்டர்கள்’ என்ற பெயரில் அமர்த்தி, சாதாரண வேலைக்கு மணிக்கு 50 டக்கா என்ற விகிதத்தில் ஊக்கத் தொகை தருகிறார்கள். சம்பளம் என்ற சொல்லைத்தான் தவிர்க்கிறார்கள்; நிர்ணயித்த விகிதம், எழுதிய பெயர்ப் பட்டியல், முறை வைத்து எல்லோருக்கும் வாய்ப்பு ஆகிய எல்லாம் இருக்கின்றன. இங்கே யாரும் யாருடைய கூலியையும் அறுக்கவில்லை. ஒட்டுமொத்த உணவுத் தொகையோடு ஒப்பிட்டால் இந்தத் தொகை சிறியது; ஆனால் மாதத்தில் சில நாள் இந்த வேலை கிடைத்த குடும்பம் கருவாட்டுப் பக்கத்தில் தயங்கி நிற்பதில்லை.

இதையே வேலிக்கு வெளியே கொண்டுபோவதற்குப் பெரிய சட்டத் திருத்தமோ பிரஜா உரிமையோ அவசியமில்லை. பருவ அனுமதிச் சீட்டு ஒன்று போதும். காக்ஸ் பஜாரின் உப்புப் பருவம் கார்த்திகையில் தொடங்கி சித்திரை வரை நீளுகிறது; அந்த ஆறு மாதங்களில் உப்பளங்களுக்கு ஆள் வேண்டும். எந்த வேலைக்கு எவ்வளவு கூலி என்ற அட்டவணையை அந்தந்த யூனியன் பரிஷத் என்ற ஊராட்சி மன்றமே தீர்மானித்து, உள்ளூர்க்காரருக்கும் அகதிக்கும் ஒரே விகிதம் என்று எழுதி ஒட்டி, குறைத்துக் கொடுக்கும் முதலாளிக்கு அபராதம் என்றும் சேர்த்துவிட்டால், மலிவு என்ற ஒரே காரணத்துக்காக ரோஹிங்கியாவைத் தேடி வருகிற தரகருக்கு வேலை இராது. அகதி சம்பாதிப்பதில் ஒரு சிறு பங்கைப் பரிஷத்தின் குளம் வெட்டும் கணக்கில் சேர்க்கலாம். 2025 செப்டம்பர் 30 அன்று நியூயார்க்கில் ரோஹிங்கியாக்களுக்கென்றே நடந்த உயர்மட்ட மாநாட்டையொட்டி அமெரிக்காவும் பிரிட்டனும் அறிவித்த உதவி சேர்ந்து 9.6 கோடி டாலர்; கேட்டிருந்த தொகையில் பத்தில் ஒரு பங்கு. மீதிக்காக ஒவ்வொரு மார்ச் மாதமும் காத்திருப்பதைவிட, உப்பளத்துக்குள் போக ஒரு சீட்டு எழுதுவது டாக்கா சர்க்காருக்குச் செலவு குறைந்த காரியம்.